திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் மகள் சேர்ந்தாள்: ஊருக்கும் உறவுக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மூத்த மகள் 2025 சேர்க்கையில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள். வீடு தேடி வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். படித்தது அவள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது என்பது கூட அலைந்த எனக்குத் தெரியும். கைகொடுத்தவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் கைகொடுத்ததே தெரியாது. அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்போது தலைமையாசிரியராக இருந்த ஐயாவுக்கு. 2017-இல் மகள் ஐந்தாவது முடித்ததும், டவுனில் உள்ள உதவிபெறும் பள்ளி ஒன்றில் சேர்க்கலாம் என்று டி.சி. கேட்டுப் போனேன். "எட்டாவது வரைக்கும் இங்கயே இருக்கட்டும்யா. சின்னப் புள்ளைய பஸ்ஸுல ஏத்தி எறக்கி என்னத்துக்கு? நான் பாத்துக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். 7.5 விழுக்காடு சட்டம் வந்ததோ 2020 அக்டோபர் கடைசியில். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. உதவிபெறும் பள்ளியில் படித்த வருஷம் அந்தக் கணக்கில் சேராது. மூன்று வருஷம் கழித்து இப்படியொரு சட்டம் வரும் என்று ஐயாவுக்கு ஜோசியமா தெரியும்? பஸ்ஸை நினைத்துச் சொன்னார், அது இங்கே கொண்டுவந்து விட்டது.

அதே பள்ளியின் சத்துணவு சமையல் அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது, ஓட்டுக் கட்டடத்தில் பாதி ஓடு இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அந்த அம்மா பதிவேட்டுக் கட்டுகளை யூரியா சாக்கில் சுற்றி, சமையல் கூடத்து அரிசி டிரம் மேல் ஏற்றி வைத்தார். மகள் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றுக்காக 2025-இல் போய் நின்றபோது, இப்போதைய தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டுப் பழுத்திருந்தது, மகள் பெயர் இருந்த வரி மட்டும் மை கலையாமல் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். சாக்கு மட்டும் சுற்றப்படாமல் இருந்திருந்தால் நான் எங்கெங்கே அலைந்திருப்பேனோ.

அடுத்து, மகள் பிறகு படித்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் சார். முதல் வருஷம் நீட்டில் இடம் கிடைக்காமல் மகள் வீட்டில் உட்கார்ந்தபோது, "எங்க பொண்ணு இல்லன்னு ஆயிடுச்சா? சனி ஞாயிறு வரச் சொல்லுங்க" என்று அவரே போன் செய்தார். தனியார் பயிற்சி மையம் ஒன்று கேட்ட தொகையை இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு வயிறு எரியும். சார் ஜெராக்ஸ் காசுகூட வாங்கவில்லை. முந்தின வருஷம் வரை 200 நிமிஷமும் சாய்ஸும் இருந்த தேர்வை 180 கேள்வி, 180 நிமிஷம் என்று மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றே பயிற்சியையும் மாற்றினார். மதியம் சரியாக 2 மணிக்குத் தாளைக் கொடுப்பார், 5 மணிக்குப் பிடுங்கிவிடுவார். சித்திரை வெயிலில், மின்விசிறி போடாமல்! தேர்வு அறையில் கரண்ட் போனாலும் பழகியிருக்க வேண்டுமாம். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதற்குக்கூட நேரம் பார்த்தார். சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும் அல்லவா? "தெரியாத கேள்வியத் தொடாத. தெரிஞ்ச மாதிரி இருக்கற கேள்வியத் தொடவே தொடாத" என்பார். மே 4-ஆம் தேதி வந்த இயற்பியல் கேள்விகள் எப்படி இருந்தன என்று எழுதிய பிள்ளைகளைக் கேளுங்கள். சார் சொன்னது அன்றைக்குத்தான் மகளுக்கு முழுசாக விளங்கியதாம்.

2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் குறுவை இல்லை, கையில் காசும் இல்லை. சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகு குத்தகையைத் தந்தால் போதும் என்று சொன்ன நிலத்துக்காரப் பெரியவருக்கு இந்த இடத்தில் ஒரு கும்பிடு. மாரியம்மன் திருவிழாவில் ஸ்பீக்கர் குழாயை எங்கள் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிக் கட்டிய மைக் செட் தம்பிக்கும்தான். பக்கத்துத் தெருக்காரர்கள் உன்னைத் திட்டியது எனக்குத் தெரியும் தம்பி.

தஞ்சாவூரில் தேர்வு மையத்துக்கு வெளியே நின்ற ஓர் அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நகை எதுவும் கூடாது என்பதால் தோடு, கொலுசையெல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டோம். மூக்குத்தித் திருகு மட்டும் இறுகிப்போய் வரவில்லை. 1.30-க்குக் கதவை மூடிவிடுவார்கள். என் மனைவிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தன் பையனை உள்ளே அனுப்பிவிட்டு நின்ற அந்த அம்மா, தலையிலிருந்த எண்ணெயை விரலில் தொட்டுத் திருகில் தடவி, முந்தானை நுனியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். வந்துவிட்டது. அவருடைய பையனுக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இன்னமும் பேசிக்கொள்கிறோம்.

சான்றிதழ் விஷயத்தில் இ-சேவை மையத்து அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லி, மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். ஆதாரில் என் பெயரில் ஆங்கில எச் ஒன்று கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்து அப்போதே திருத்த வைத்தார். மருத்துவச் சேர்க்கைக்கு விண்ணப்பம் கேட்க ஆரம்பித்தால் கொடுக்கிற நாள் கொஞ்சம்தான், அதற்குள் திருத்த முடியாது என்பது அவர் கணக்கு. முதல் பட்டதாரி சான்றுக்குத் தாத்தா பாட்டி வரைக்கும் யார் என்ன படித்தார்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிட்டது. விசாரணைக்கு வீட்டுக்கே வந்துபோன கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் இருவருக்கும் நன்றி.

நான் பிறந்த காலத்தில் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுமைக்கும் அரசு மருத்துவக் கல்லூரி தஞ்சாவூரில் மட்டும்தான், 1959-இல் தொடங்கியது. திருவாரூருக்கு 2010-இல் வந்தது, நாகைக்கு ஒரத்தூரில் 2022-இல். அதனால்தான் இன்று காலையில் பஸ் ஏறி மகளைப் பார்த்துவிட்டு, மாலையில் வயலுக்கு வந்துவிட முடிகிறது. 7.5 விழுக்காட்டில் சேர்ந்ததால் கல்விக் கட்டணம் அரசுப் பொறுப்பு. இல்லாவிட்டால் இந்த மடலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மகளின் புத்தகங்களும், சார் கொடுத்த வினாத்தாள் கட்டும் கிளை நூலகத்தில் இருக்கின்றன. எழுதியது எழுதாதது என்று பிரித்து வைத்திருக்கிறாள், வேண்டிய பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சான்றுக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அறுவடை நாட்கள் தவிர எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். இ-சேவை அக்காவுக்கு ஜெராக்ஸ் பாக்கி ஒன்று நிற்கிறது. எத்தனை முறை நீட்டியும் வாங்க மாட்டேன் என்கிறார். ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் அக்கா, இந்த வாரம் வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.