ரியாத் – மதுரை நேரடி விமானம் கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
தென்மாவட்ட விமானச் சேவைகளைக் கவனிக்கும் உயர் அலுவலர் அவர்கள்

பொருள்: ரியாத்திலிருந்து மதுரைக்கு நேரடி விமானம்; அதுவரை, இறந்தோர் உடலை மதுரை வரை ஒரே சரக்குச் சீட்டில் அனுப்ப ஏற்பாடு.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை பக்கத்திலிருந்து எத்தனை பேர் சவூதியில் பிழைக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

1. ரியாத் – மதுரை வான்வழித் தூரம் ஏறக்குறைய 3,700 கி.மீ. நேரே பறந்தால் ஐந்து, ஐந்தேகால் மணி நேரம். அங்கே இரவு 10.30க்குக் கிளம்பினால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, இங்கே காலை ஆறேகால் அளவில் மதுரை விமான நிலையம் உள்ள பெருங்குடியில் இறங்கிவிடலாம்.

2. உயிரோடு வருகிறவர் மும்பையிலோ சென்னையிலோ மாறி எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். இறந்தவர் உடல்தான் ஐயா வந்து சேர மாட்டேன் என்கிறது. இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகத் தடையின்மைச் சான்று, ரத்து செய்த கடவுச்சீட்டு எல்லாம் அங்கேயே வாங்கியாகிவிடும். ஆனால் முதலில் இறங்கும் ஊரில் சுகாதார அதிகாரியும் சுங்கமும் அனுமதிக்க வேண்டும். பிறகு பன்னாட்டுச் சரக்ககத்திலிருந்து உள்நாட்டுச் சரக்ககத்துக்குச் சவப்பெட்டி மாற வேண்டும். அதற்குத் தனிச் சீட்டு, தனிக் கட்டணம். அதற்குள் இணைப்பு விமானம் போய்விடும். அடுத்தது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம் என்றால் அந்த நீளப் பெட்டிக்கு இடம் உறுதியில்லை. கடைசியில் சென்னையிலேயே இறக்கி, ஆம்புலன்ஸில் 500 கி.மீ.க்கு மேல் கொண்டுவருகிறார்கள். ஆகாயத்தில் ஐந்து மணி நேரம், தரையில் அதைப்போல் இரண்டு மடங்கு! மதுரையில் இறங்கியிருந்தால் ராமநாதபுரத்துக்கு இரண்டு மணி நேரப் பாதை. பெற்ற தாய் வாசலில் உட்கார்ந்து “எங்கே வருது, எங்கே வருது” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன பதில் சொல்வது?

3. ஓடுதளம் நீளட்டும், பிறகு பார்க்கலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இருக்கும் 7,500 அடியில் ஏர்பஸ் 320, போயிங் 737 வழக்கமாக இறங்குகின்றன. வரும்போது எரிபொருள் கரைந்து எடை குறைந்திருக்கும். போகும்போதுதான் பாரம் அதிகம்; உச்சி வெயிலில் ஏற்றும் எடையைக் குறைக்க நேரும். மாலை ஆறரைக்குப் புறப்பட வைத்தால் அந்தச் சிக்கல் தணியும்.

4. இந்தியா – சவூதி விமானச் சேவை ஒப்பந்தப் பட்டியலில் மதுரை இல்லை என்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தடை. இந்திய நிறுவனங்களுக்கு அது பொருந்தாதே! பின் எதற்காகக் காத்திருக்கிறோம்?

5. வெளிநாட்டிலிருந்து வரும் உடல்களுக்கு அனுமதி தரும் இ-கேர் இணையதளம் 2023 முதல் இருக்கிறது. அதில் அனுமதி முன்கூட்டியே கிடைத்தாலும், பெட்டி சரக்ககத்தில் கிடந்தால் என்ன பயன்?

வாரம் இரண்டு நேரடி விமானமாவது வேண்டும். அது வரும்வரை ரியாத்திலேயே மதுரை வரை ஒரே சீட்டு, பெட்டி ஏறும் அளவுள்ள இணைப்பு விமானத்தில் முன்னுரிமை, சுகாதார, சுங்கச் சோதனை மதுரையில். இந்த மூன்றையாவது உடனே செய்து தாருங்கள். மறுபடியும் கேட்கிறோம் ஐயா, இறந்தவர்களையாவது நேரே ஊருக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம், சிவகங்கை மாவட்ட சவூதித் தொழிலாளர் குடும்பத்தினர்