செயலாளரின் ஆண்டறிக்கை – 2012 (மொன்றியால், பார்க் எக்ஸ்டென்சன்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோர்களே, பிள்ளைகளே,

2012 ஜனவரி தொடக்கம் டிசம்பர் வரை எமது பெற்றோர் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோடைகால விளையாட்டுப் போட்டி, வாணி விழா நான்கும் குறைவின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு இந்த ஆண்டு பதினான்கு தடவை கூடியது. மற்ற ஆண்டுகளில் ஆறு தடவை கூடினாலே அதிகம். மேலதிகமான எட்டுக் கூட்டங்களும் ஒரே விடயத்துக்காகக் கூட்டப்பட்டவை. பல்கலைக்கழகக் கட்டண உயர்வும், அதை எதிர்த்து எங்கள் பிள்ளைகள் செய்த போராட்டமும்தான் அந்த விடயம். அதைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

2011 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் முதலமைச்சர் ஜான் ஷரேயின் அரசாங்கம் கியூபெக் மாகாணத்தின் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தப்போவதாக அறிவித்தது. 2012 இலையுதிர்காலம் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 325 டொலர். 2,168 டொலராக இருந்த கட்டணம் 3,793 ஆகும். அறிவிப்பு வந்தபோது எங்கள் கூட்டமொன்றில் யாரோ இதைச் சொல்ல, பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் அப்போது செஜெப் எனப்படும், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். செஜெப்பில் வகுப்புக் கட்டணம் இல்லை. "இது பிறகு பார்க்கிற விஷயம்" என்று விட்டுவிட்டோம். பிள்ளைகள் விடவில்லை. இந்த உயர்வு முழுவதையும் முதல் வருடத்திலிருந்தே சுமக்கப்போகிறவர்கள் தாங்கள்தான் என்று அவர்கள் கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் பின்னர் எங்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 2012 மே மாதம் தொடக்கம் கியூபெக்கில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 9 டொலர் 90 சதம். ஐந்தாம் ஆண்டில் கூடப்போகும் 1,625 டொலரை உழைக்க ஒரு தகப்பன் உணவகக் குசினியில் 164 மணித்தியாலம் நிற்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் படித்தால் 328 மணித்தியாலம், அதுவும் வரி கழிக்க முன்னர். இந்த மண்டபத்தில் இருக்கும் அநேகருக்கு அந்தக் குசினியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 13ஆம் திகதி வகுப்புப் பகிஷ்கரிப்பு தொடங்கியது. மார்ச் 22 அன்று மூன்று இலட்சம் மாணவர்கள் வகுப்புக்கு வெளியே நின்றார்கள். அன்றைய ஊர்வலத்தில் இரண்டு இலட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டமான 101ஆம் இலக்கச் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து, பிரெஞ்சு செஜெப்புகளுக்குப் போனவர்கள். பகிஷ்கரிப்பு வலுவாக இருந்ததும் அங்கேதான். ஆகவே எங்களுடைய பிள்ளைகள் அதன் நடுவிலே இருந்தார்கள். சட்டையில் சிவப்புத் துணிச் சதுரம் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பிரெஞ்சில் கடனில் மூழ்கியிருப்பதைச் 'சிவப்பில் இருப்பது' என்பார்கள். அந்தச் சதுரத்துக்கு அதுதான் பொருள்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைப் பதிவு செய்ய வேண்டும். மார்ச் மாதம் எமது சங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகளை ஊர்வலங்களுக்கு அனுப்ப வேண்டாம், பொலிசில் பெயர் பதிந்தால் எதிர்காலம் கெட்டுவிடும், நாங்கள் இந்த நாட்டுக்கு நன்றியுடன் இருக்க வேண்டியவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவன் நான், கையெழுத்திட்டவனும் நான். ஏப்ரலில் செஜெப் மாணவர்கள் சிலர் கூட்டம் வைக்க இந்த மண்டபத்தைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அந்த இரண்டு முடிவுகளும் பிழையானவை. சுற்றறிக்கையை நிர்வாகக் குழு ஜூன் மாதம் முறைப்படி மீளப்பெற்றது. பொதுச்சபை முன்னிலையிலும் அதைச் சொல்கிறேன், பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

நாங்கள் ஏன் அப்படி எழுதினோம் என்பதையும் சொல்ல வேண்டும். பயம்தான் காரணம். சீருடைக்காரர் வரிசையாக நிற்பதைக் கண்டால் இலங்கையிலிருந்து வந்த எங்களில் பலருக்கு இன்னும் கை குளிரும். அதற்குரிய காரணங்கள் எங்களிடம் நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கு அறிவுரையாக மாற்றிக் கொடுத்தபோது, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்காமலே விட்டுவிட்டோம்.

வசந்தகாலம் முழுவதும் நிலைமை இறுகிக்கொண்டே போனது. மார்ச் 7ஆம் திகதி ஊர்வலமொன்றில் ஒரு செஜெப் மாணவருக்குக் கண்ணில் பலத்த காயம். மே 4ஆம் திகதி ஆளும் லிபரல் கட்சியின் கூட்டம் நடந்த விக்ரோரியாவில் நகரில் கண்ணீர்ப்புகையும் பிளாஸ்ரிக் குண்டுகளும். அங்கே இன்னொரு மாணவர் ஒரு கண்ணையே இழந்தார். ஏப்ரல் 24 தொடக்கம் ஒவ்வொரு இரவும் எமிலி கமலின் சதுக்கத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. உயர்வை ஏழு ஆண்டுகளுக்குப் பரப்பி ஆண்டுக்கு 254 டொலர் ஆக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதை மாணவர்கள் ஏற்கவில்லை. கூட்டிப் பார்த்தால் அது 1,778 டொலர், முதலில் சொன்னதைவிடக் கூட. மே 14 அன்று கல்வி அமைச்சர் லீன் போஷான் பதவி விலகினார். நான்கு நாட்களில் 78ஆம் இலக்கச் சட்டமூலம் நிறைவேறியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ ஊர்வலம் போனால் எட்டு மணித்தியாலம் முன்னதாகப் பொலிசுக்குப் பாதையை அறிவிக்க வேண்டும். தனியாளுக்கு 1,000 முதல் 5,000 டொலர் வரை தண்டம், மாணவர் சங்கத்துக்கு 1,25,000 டொலர் வரை. அதே நாள் மொன்றியால் மாநகரசபையும் முகமூடியைத் தடுத்து, பாதை அறிவிக்காத ஊர்வலத்தைக் குற்றமாக்கித் தன் துணைச்சட்டத்தைத் திருத்தியது.

மே 23 புதன்கிழமை இரவு ஷேர்புறூக் வீதியும் சென் டெனி வீதியும் சந்திக்கும் இடத்தில் ஊர்வலத்தை நான்கு பக்கமும் மறித்து 518 பேரைக் கைது செய்தார்கள். கியூபெக் நகரத்தில் அன்றிரவு இன்னும் 176 பேர். மொன்றியாலில் பிடிபட்டவர்களைக் கைகளைக் கட்டி மாநகர பஸ்களில் ஏற்றினார்கள். எமது அங்கத்தவர் இருவரின் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு மகள், ஒரு மகன். இருவருக்கும் வயது பத்தொன்பது.

இரவு ஒரு மணிக்கு அந்த மகளின் தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பிள்ளையைச் சுற்றிவளைச்சுப் பிடிச்சிட்டாங்களாம்" என்றார். பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் இதற்கு 'எலிப்பொறி' என்கிறார்கள். எங்களிடம் இருந்தது சுற்றிவளைப்பு என்ற சொல்தான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கும் நித்திரை இல்லை. அந்தத் தாயின் தமையன் எண்பதுகளில் ஊரில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டு, இன்றுவரை திரும்பாதவர்.

பிள்ளைகள் இருவரும் விடியற்காலை பாதுகாப்பாக வீடு வந்தார்கள். கையில் ஆளுக்கு 634 டொலர் தண்டச்சீட்டு. மகளின் மணிக்கட்டில் பிளாஸ்ரிக் கட்டின் தழும்பு ஒரு கிழமை இருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் வைத்திருந்ததாகவும், தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஊரில் நடந்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அப்படி வைப்பது போனவர்களுக்குச் செய்யும் அநியாயம். இங்கே சட்டத்தரணி உண்டு, நீதிமன்றம் உண்டு, காலையில் பிள்ளை வீடு வந்தது. ஆனாலும் கட்டணம் கூடக்கூடாதென்று நடந்துபோன பிள்ளையின் கையைக் கட்டியது சரியென்று அதனால் ஆகிவிடாது.

அடுத்த நாள் மாலை இந்த மண்டபத்தைத் திறந்தோம். யாரும் அறிவித்தல் கொடுக்கவில்லை. நாற்பது குடும்பங்கள் வந்தன. அன்றுதான் முதல் தடவையாகப் பிள்ளைகள் பேச நாங்கள் கேட்டோம். 1960களில் கல்வியை ஆராய கியூபெக் அரசு நியமித்த 'பரான்' ஆணைக்குழு பல்கலைக்கழகக் கல்வி ஒருநாள் இலவசமாக வேண்டும் என்று எழுதியதையும், 1968 முதல் 1990 வரை கட்டணம் 540 டொலரிலேயே நின்றதையும், 1996இலும் 2005இலும் மாணவர்கள் வகுப்பை விட்டு இறங்கியதையும் அவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் உதவிப்பணத்திலிருந்து வெட்டிக் கடனாக மாற்றிய 103 மில்லியன் டொலரை 2005இல் அப்படித்தான் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். ஒரு தகப்பன் எழுந்து, ஒன்ராறியோவில் கட்டுவதில் பாதிக்கும் குறைவாகத்தானே இங்கே கட்டுகிறோம், பிறகேன் இந்தப் பிரச்சினை என்று கேட்டார். நியாயமான கேள்வி. "மாமா, அது தானாகக் குறைஞ்சு நிக்கேல்லை. ஒவ்வொரு முறையும் ஆராவது ரோட்டுக்கு இறங்கினபடியால்தான் நிக்குது" என்றாள் அந்த மகள்.

எமது போசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அன்று பேசியது இன்னும் காதில் நிற்கிறது. 1945இல் இலங்கையின் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால், ஒரு சதமும் கட்டாமல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அவர். எழுபதுகளில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தபோது, புள்ளி இருந்தும் இடம் கிடைக்காமல் நின்ற தம்பியைப் பார்த்தவரும் அவர்தான். படிப்புக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, அவர்கள் அதையே கேட்கப் போகும்போது கதவைச் சாத்தினோமே என்றார். அவர் இலங்கைச் செய்தியையும் விடாமல் பின்தொடர்ந்தார். கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்கக் கேட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எமது செய்திமடலில் இரண்டு கட்டுரை எழுதினார்.

அந்த நாட்களில் 78ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்த்து இரவு எட்டு மணிக்குச் சட்டி தட்டும் வழக்கம் பக்கத்து வில்ரே பகுதியிலும் றோஸ்மொன்றிலும் எழுந்து, நகரம் முழுவதும் பரவியது. எங்கள் தெருவிலும் வந்தது. முதல்நாள் நாங்கள் யன்னலில் நின்று பார்த்தோம். மூன்றாம் நாள் எங்கள் பெண்கள் தாச்சியும் அகப்பையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்கள். சிலியிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அம்மா, தங்கள் ஊரில் சர்வாதிகாரக் காலத்திலும் இப்படித்தான் தட்டினோம் என்று சொல்லிக் கண் கலங்கினார். இருபது வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அது.

அதன் பின் நடந்த மாகாணத் தேர்தலில் ஷரே தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். இருபது வயது மாணவர் தலைவர் லியோ பியூரோ புளூவான் சட்டசபைக்குத் தெரிவானார். செப்டெம்பர் 20 அன்று போலீன் மறுவாவின் புதிய அரசாங்கம் கட்டண உயர்வை இரத்துச் செய்தது. 78இன் கடுமையான பிரிவுகளும் நீக்கப்பட்டன. பிள்ளைகள் வென்றார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாநகரத் துணைச்சட்டம் இந்த 2013 ஜனவரியிலும் அப்படியே இருக்கிறது, தண்டச்சீட்டுகளும் இருக்கின்றன. ஆண்டில் 2,500க்கும் மேற்பட்ட கைதுகள் நடந்தன. அவற்றில் எத்தனை பேர் எமது பகுதியைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கு எம்மிடம் இல்லை. பயத்தில் வீட்டுக்கே சொல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் எம்மிடம் வரலாம். பெயர் வெளியில் போகாது.

நவம்பர் 28 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பின்னர் நால்வர் கைது செய்யப்பட்டு வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். டிசம்பரில் நாங்கள் வைத்த கவனயீர்ப்புக்கு, எங்கள் பிள்ளைகளோடு படிக்கும் கியூபெக் மாணவர் பதினைந்து பேர் பனியில் வந்து நின்றார்கள். சிவப்புச் சதுரம் குத்தியிருந்தார்கள். அழைத்தது நாங்கள் அல்ல, பிள்ளைகள்.

இனி நடக்க வேண்டியவை. பெப்ரவரியில் அரசாங்கம் உயர்கல்வி மாநாடு கூட்டுகிறது. கட்டணத்தை முடக்கி வைப்பதா, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதா, இலவசமாக்குவதா என்பது அங்கே பேசப்படும். கட்டணம் கூடக்கூடாது என்று எமது சங்கத்தின் பெயரில் பிரெஞ்சில் ஒரு கடிதம் அனுப்ப நிர்வாகக் குழு சிபாரிசு செய்கிறது. வரைவைப் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். பின்பக்க மேசையில் தமிழ்ப் பிரதியும் உண்டு. இரு பிள்ளைகளின் தண்டச்சீட்டு வழக்குகளையும் ஒரு சட்டத்தரணி சம்பளமின்றி எடுத்திருக்கிறார். வழக்குச் செலவுக்கென அங்கத்தவர்கள் தந்த 1,140 டொலர் தனிக் கணக்கில் இருக்கிறது. வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அந்தப் பணம் இப்படிப் பிடிபடும் வேறு பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து வைத்திருக்கப்பட வேண்டும் என்பது எமது இரண்டாவது சிபாரிசு. மூன்றாவது, நிர்வாகக் குழுவில் இரண்டு இடங்கள் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்று சிபாரிசுகளையும் இந்த அறிக்கையையும் பொதுச்சபையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன். முன்மொழிபவர்கள் கையை உயர்த்தவும்.

செயலாளர்
ஜனவரி 2013