சந்தனத்தோடு துவரை

வேளச்சேரி, சென்னை
ஆனி 20

அன்புள்ள நண்பா,

உன் இன்லேண்டு லெட்டர் போன வாரம் வந்தது. வழக்கம்போல ஓரம் வரைக்கும் எழுதியிருக்கிறாய். பிரிக்கும்போது மடிப்பில் இரண்டு வரி போய்விட்டது. வீட்டில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் இவளுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே பேத்தி ஒன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். என் முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் செங்கல்பட்டுப் பக்கம் போவதை நிறுத்தவில்லை.

மலையடிவாரத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் இருபது பிள்ளைகளைச் சேர்த்துவிட்டேன், காட்டைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் வாராவாரம் வகுப்பு, நீ ஒரு பாடத்திட்டம் போட்டு அனுப்பு என்று கேட்டிருந்தாய். படித்ததும் தாம்பரம் ஹாஸ்டல் நாள் கண்முன் வந்தது. மழை விட்ட ராத்திரிகளில் புதருக்குள் டார்ச் அடித்துக்கொண்டு தவளை தேடினோமே! அந்தக் கிறுக்கு நாற்பது வருஷம் கழித்தும் நம் இரண்டு பேருக்கும் தெளியவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினேன். நேற்று அதைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

முதல் வருஷம் செங்கல்பட்டு பக்கத்து ஊர் ஒன்றில் பாம்புகளைப் பற்றி வகுப்பு எடுத்தேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பெரிய படம் ஒட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருவன்கூடக் கேள்வி கேட்கவில்லை. பின்னால் வேப்ப மரத்தடியில், பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், படம் நல்லா இருக்கு. புள்ளைங்கள வரப்புக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போனோம். நாலு வளை காட்டினார். ஒன்றின் வாயில் மண் ஈரமாகக் குவிந்திருந்தது. "இது ராத்திரி எலி தோண்டினது." அடுத்ததின் வாயில் சிலந்தி வலை. "இதுல ஆளே இல்ல." மூன்றாவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கையால் தடவிவிட்டதுபோல வழவழவென்று இருந்தது. "இதுல நீளமானவரு போய் வர்றாரு, கை வைக்காதீங்க." சொல்லிவிட்டுப் பக்கத்துப் புல்லில் கிடந்த சட்டையை எடுத்து விரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவரை விடவில்லை. எலியை யார் தின்கிறார், அவரை அடித்துக் கொன்றால் நெல் யாருக்குப் போகும் என்று அவர்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். என் முக்கால் மணி நேரப் பேச்சு செய்யாததை அந்த வரப்பு பத்து நிமிஷத்தில் செய்தது.

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உனக்குத் தெரியும்தானே? பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோனதும் அந்தக் குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. கைத்தொழிலை விடச் சொல்லாமல், அதே கையை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். பாம்பைப் பிடித்துச் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில்தான் கடிக்கு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உன் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பு ஒன்று இருக்கிறது, நாடும் அதை மதிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் உன் முதல் வகுப்பில் நீ பேசவே பேசாதே. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: உன் சின்ன வயசில் இந்த மலையில் இருந்தது, இப்போ இல்லாதது எது? கடுக்காய் மரமா, தேனா, ஓடையில் கோடையிலும் நின்ற தண்ணீரா? அந்தப் பதில்களைக் கரும்பலகையில் எழுதிப் போடு. உன் பாடத்திட்டம் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது, யாருக்கு என்ன பலன் என்பது. இதில் கூச்சப்படாதே. வேடந்தாங்கலை நான் சும்மா பறவை பார்க்கிற இடமாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு தை மாசம் முப்பது பிள்ளைகளோடு போனேன். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நீர்க்கடம்பு மரங்களில் கிளை தெரியாமல் உட்கார்ந்திருந்தன. எங்களோடு வந்த பையன் ஒருவன், அப்பா ஆடு மேய்க்கிறவர், முகத்துக்கு நேரே கேட்டான்: "இதுங்கள வெச்சு இந்த ஊருக்கு என்னங்க சார் லாபம்?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவன் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. பதிலை நான் சொல்லவில்லை, ஏரிக்கரையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு விவசாயியிடம் கேட்கச் சொன்னேன். அவர் நின்று நிதானமாகச் சொன்னார்: பறவை எச்சம் விழுந்த இந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரச் செலவு குறைவு, நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கிவிடும், அதற்காகத்தான் தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்க 1798-ல் கவுல், அதாவது எழுத்து மூல உத்தரவு, வாங்கினார்கள். வன உயிரினச் சட்டம் வந்தது 1972-ல். நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே அந்த ஊர் தன் ஏரிக்கும் தன் பறவைக்கும் காகிதம் எழுதி வாங்கிவிட்டது! பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பையன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். அவன் ஊர் ஏரியில் ஏன் நாரை இறங்குவதில்லை என்று கேட்டான். போன கார்த்திகையில் அவனும் அவன் கூட்டாளிகளும் ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் ஓரம் நீர்க்கடம்புக் கன்று பதினாலு வைத்தார்கள். ஒன்பது நிற்கிறது.

கன்று என்றதும் ஞாபகம் வருகிறது. சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5-ஆம் தேதி நடுவது வேண்டவே வேண்டாம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கத்திரி வெயில் சூடு தணிவதற்குள் நூறு கன்று நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், ஆவணிக்குள் குச்சிதான் மிச்சம். பிள்ளைகள் அந்தக் குச்சிகளைத் தினமும் தாண்டித்தான் வகுப்புக்குப் போனார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மழையைப் பார்த்து நடு. அதற்கு முன்னால் விதையைத் தெரிந்துகொள்ளட்டும். வேப்பங்கொட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது, நாவல் அதைவிட அவசரம், பொறுக்கிய கையோடு பையில் போட வேண்டும். புங்கன் காத்திருக்கும். பனங்கொட்டைக்கு நாற்றங்காலே ஆகாது. முளை முதலில் பூமிக்குள் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் செத்துப்போகும். நிற்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிடு.

வீட்டுக்குப் பின்னால் வைத்த சந்தனக் கன்றுகள் மஞ்சளாகி நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் வேறு செடி இருக்கிறதா? இருக்காது, நீ சுத்தமாகக் களை எடுத்திருப்பாய். சந்தனம் தனியாகப் பிழைக்காது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைக் கவ்விக்கொண்டு தண்ணீரும் சத்தும் எடுக்கும். அதனால்தான் நாற்றங்காலில் அதே பையில் ஒரு துவரையும் விடுகிறார்கள். உடனே ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் துவரை ஊன்று. நாளாவட்டத்தில் துணை நிற்க அகத்தியோ சவுக்கோ புங்கனோ வை. பிள்ளைகளையே செய்யச் சொல். ஒரு கன்றை மட்டும் துணையில்லாமல் விட்டுவைக்கட்டும், ஆறு மாசம் அளந்து பார்க்கட்டும். சந்தன மரத்துக்குப் பேர்போன மலையின் அடிவாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

அளப்பதும் ஒரு பெரிய சந்தோஷம். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும், நாலரை அடி. தையல் டேப் போதும். ஊரிலுள்ள பெரிய மரங்களுக்கு ஒரு நோட்டு போடட்டும். தான் அளந்து பெயர் எழுதி வைத்த மரத்தை வெட்ட விடமாட்டான்.

தீயைப் பற்றி நீ கவலைப்பட்டு எழுதியிருந்த வரிதான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடவில்லை. மாசி பங்குனியில் மலையில் நெருப்பு வைப்பது உன் வகுப்புப் பிள்ளைகளின் அண்ணன்களாகவே இருக்கலாம். சட்டத்தைச் சொல்லி ஆரம்பித்தால் அன்றோடு வகுப்பு காலி. நெருப்பு வைத்தால் புதுப் புல் வரும் என்பது பொய் இல்லை, வரும். ஆடு வைத்திருக்கிறவனுக்கு அது பெரிய விஷயம். அதை ஒப்புக்கொண்டு பேசு. பிறகு எரிந்த இடத்தில் பத்துக்குப் பத்து மீட்டரும், எரியாத இடத்தில் அதே அளவும் கயிறு கட்டி, உள்ளே முளைத்திருக்கும் மரக்கன்றுகளை எண்ணச் சொல். மழை வந்ததும் இரண்டு சரிவிலிருந்தும் ஓடிவரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து நிறம் பார்க்கட்டும். போவதற்கு முன் வனக்காவலரிடம் சொல்லி அனுமதி வாங்கு. முடிந்தால் அவரையும் பிள்ளைகளோடு பாயில் உட்காரவை. அவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் இடையில் பல வருஷக் கோபம் இருக்கும். அந்தப் பேச்சில் முதல் நாள் சத்தம்தான் வரும். இரண்டாம் நாளும் கூப்பிடு.

இங்கே எங்கள் பாடு வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பெயர், கிடைத்தது. ஆனால் அது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியபோதுதான் அந்தத் தண்ணீர் முன்பு எங்கே தங்கிக்கொண்டிருந்தது என்று எங்கள் தெருவுக்கு உறைத்தது.

கடற்கரையிலும் மனசு கனத்துத்தான் கிடக்கிறது. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆயிரத்துக்கும் மேலே பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். வலையில் சிக்கினால் வர முடியாது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரியில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். ஒருமுறை அவர்களோடு நடந்தபோது குப்பத்துப் பையன் ஒருவன் கூட வந்தான். இருட்டில் மணலில் இருந்த தடத்தை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவன்தான் பார்த்தான். போன தடம் எது, திரும்பிய தடம் எது என்றும் சொன்னான். அப்பாவும் தாத்தாவும் சொல்லிக் கொடுத்ததாம்.

பங்குனியில் உன் பிள்ளைகளை இங்கே கூட்டிக்கொண்டு வா. பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிற நேரம் அது. மலைப் பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும், அந்தக் குப்பத்துப் பையனிடம் கேட்கட்டும். படுக்க எங்கள் மொட்டை மாடி இருக்கிறது, சாப்பாட்டுக்கு இவள் பொறுப்பு. எத்தனை பேர் என்று தை மாசமே எழுதிவிடு. வரும்போது அந்த மலைச் சாமை இரண்டு படி கொண்டு வா, பேத்திக்குப் பொங்கல் வைத்துக் கொடுக்க வேண்டும்.

துவரையை நாளைக்கே ஊன்று.

உன் பழைய ரூம்மேட்

பின்குறிப்பு: பாட்டிகளின் பதில்களை ஒரு தாளில் எடுத்து எனக்கும் அனுப்பு. எங்கள் ஊர்ப் பாட்டிகள் சொன்னது என்னிடம் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.