வின்சென்ட்டுக்கு என்னதான் வியாதி?

அன்புள்ள மூர்த்தி,

நலம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். பொங்கலுக்குப் பெரியவன் குடும்பத்தோடு வருகிறான். வீடு இப்போதே அமளிப்படுகிறது. இனி நம் ஓவியன் வின்சென்ட் வான்கோ.

டிஜிட்டாலிஸ் என்கிற செடிமருந்து மிஞ்சியதால்தான் அவன் படங்களில் அத்தனை மஞ்சள் என்கிறாய்; நீ டாக்டர் என்பதற்காக அந்தக் கதையை ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைசியில் அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் காஷேயை அவன் வரைந்த படத்தில் மேஜைமேல் அந்தச் செடி இருக்கிறது, மருந்து மிஞ்சினால் பார்வையில் மஞ்சள் படரும், எல்லாம் சரி. ஆனால் வின்சென்ட் காஷேயைச் சந்தித்ததே 1890 மே மாதம்தான். பிரான்சின் ஆர்ல் ஊரில் சூரியகாந்திகளை வரைந்தது 1888 ஆகஸ்டில்! அடுத்த மாதமே ரோன் நதிக்கரை இரவை அப்படி ஒரு நீலத்தில் தீட்டுகிறான். அந்தக் கோடையில் எட்டிய மஞ்சள் உச்சத்துக்குத் தன்னைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று அவனே தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறான். தேடிப்போய் எடுத்த மஞ்சள் அது.

'ஏற்றிக்கொள்ள' என்றதும் குடிக்குத் தாவுவாய். நியாயம் இருக்கிறது. 1888 டிசம்பர் 23 இரவு காதை அறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்குக் குடி சட்டென்று நின்றுபோனது; பிதற்றல் அதனால் வந்திருக்கலாம், அடியில் இருமுனைக் கோளாறும் இருந்திருக்கலாம் என்று 2020இல் டச்சு மனநல மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் சாங் ரெமி மனநல விடுதியில், குடி பெரும்பாலும் இல்லாத அந்த ஒரு வருஷத்தில் பிதற்றல் மறுபடி மறுபடி வந்ததே, அதற்கு என்ன சொல்வாய்? பெயிண்ட்டில் இருந்த ஈயம்தான் விஷமாகி அவனைக் கெடுத்தது என்கிற கட்சியும் எனக்கு ஒட்டவில்லை. பெயிண்ட்டைத் தின்றது புத்தி பேதலித்திருந்த நேரத்தில். விளைவைக் காரணமாக்குகிறார்கள்.

எனக்குப் படுவது வேறு. வின்சென்ட்டின் தங்கை, வில் என்பவள், ஏறக்குறைய நாற்பது வருஷம் மனநல விடுதியிலேயே இருந்து 1941இல் செத்துப்போனாள். ஆக, குடும்பத்தில் ஏதோ இருந்திருக்கிறது. அதைக் கிளறிவிட்டது தியோவை இழந்துவிடுவோமோ என்கிற பயம். தம்பி மாசாமாசம் அனுப்பிய பணத்தில்தானே அவன் சாப்பாடு, வாடகை, சாயம் எல்லாம்! தியோ 1888 டிசம்பரில் கல்யாணத்துக்கு நிச்சயம் செய்கிறான், காது போகிறது. 1889 ஜூலையில் தம்பி மனைவி யோ கர்ப்பமாயிருக்கிற சேதி வருகிறது, பத்து நாள் சொச்சத்தில் நோயின் அடுத்த தாக்குதல். 1890 ஜனவரி கடைசியில் குழந்தை, பிப்ரவரியில் விழுந்தவன் ஏப்ரல் வரை எழவில்லை. நடுவே 1889 ஏப்ரலில் கல்யாணம் நடந்தபோது ஒன்றும் வரவில்லையே என்று மடக்குவாய். மடக்கு. அப்போது அவனே விடுதிக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டிருந்தான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

பைத்தியம்தான் அவனை வரைய வைத்தது என்று உன் மாப்பிள்ளை சொன்னாரே, அதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தாக்குதல் கடுமையாக இருந்தபோது தூரிகையைத் தொடக்கூட முடியவில்லை அவனால். விடுதியில் வரைந்த சுமார் 150 படங்களும் பெரும்பாலும் தெளிந்திருந்த நாட்களில் வந்தவை. விடுதி ஜன்னல் வழியே பார்த்த 'நட்சத்திர இரவு'ம் 1889 ஜூனில், தாக்குதலுக்கு முந்தைய மாதம்.

உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி. ஆர்லில் டாக்டர் ரே வலிப்பு என்று நினைத்து பொட்டாசியம் புரோமைடு கொடுத்தார். புரோமைடு உடம்பில் தங்கினாலே மனம் குழம்பும் என்று முன்னொரு தரம் நீ சொன்ன ஞாபகம். எவ்வளவு சேர்ந்தால், எத்தனை நாளில் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
சேது