பணம் கட்டினால்தான் மிஸ்டரி ஷாப்பர் வேலையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'மிஸ்டரி ஷாப்பர் வேலை, பதிவுக் கட்டணம் உண்டு' என்று பார்த்தேன். ஆறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் நானும் இப்படி ஒரு விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினேன். கைக்கு வந்தது இந்த வேலையைத் தரும் ஏஜென்சிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்குள் போய், நடந்ததைக் கவனித்து எழுதித் தருவதுதான் வேலை. முறையான ஏஜென்சி பதிவுக்குக் காசு கேட்காது. எம்எஸ்பிஏ என்ற மிஸ்டரி ஷாப்பிங் ஏஜென்சிகள் சங்கத்தின் இணையதளத்தில் உறுப்பினர் ஏஜென்சிகளைப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பதினொன்றில் பதிந்த பிறகே எனக்கு முதல் வேலை வந்தது.

அடுத்த வேலையை வாங்கித் தருவது நம் ரிப்போர்ட்தான். 'ஊழியர் நன்றாகப் பேசினார்' என்று முதல் ரிப்போர்ட்டில் எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன பேசினார், உள்ளே நுழைந்து எத்தனை நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்தார் என்று கேட்டிருந்தார்கள். அன்றிலிருந்து மெசேஜ் பார்ப்பது போல போனில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். தூங்கும் முன் எழுதி முடித்துவிடுவேன். கடையில் நாம் செலவழித்ததை ரசீதைப் பார்த்துத்தான் ஏஜென்சி திருப்பித் தரும், அதனால் ரசீது பத்திரம். ஒரு முறை தொலைத்ததில் கூலியும் போனது, கைக்காசும் போனது. செலவழித்த பணம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

பதிவுக் கட்டணத்தைவிட மோசமானது செக் மோசடி. வேலை தொடங்கும் முன்பே பெரிய தொகைக்கு செக் அனுப்புவார்கள். அதை வங்கியில் போட்டு, கிஃப்ட் கார்டு வாங்கி, அந்தக் கார்டில் உள்ள எண்களை அனுப்பச் சொல்வார்கள். கணக்கில் பணம் ஏறியது போலத் தெரியும். சில நாள் கழித்து செக் போலி என்று வங்கி அந்தத் தொகையை நம்மிடமே பிடித்துக்கொள்ளும். முன்பணமாக செக் வந்தால் தொடவே வேண்டாம் என்று புதிதாக வருகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விளம்பரங்களை வாங்கும்போது 'விண்ணப்பிப்பவரிடம் பணம் வாங்குவீர்களா?' என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு கேள்வி கேட்கட்டும். ஆமாம் என்றால் அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி