சாரி என்ற சொல்

அன்புள்ள கயல்,

உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா இறந்ததற்கு எல்லோரும் 'சாரி' என்கிறார்களே, அவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று போனில் கேட்டாய். நல்ல கேள்வி. அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் வலி, புண். இன்று தொண்டை வலித்தால் 'ஸோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'ஸோர்' இதுதான். சாரியும் இதிலிருந்து பிறந்ததே. ஜெர்மனில் 'மிகவும்' என்பதற்குச் சொல்லும் 'ஸேர்' கூட இதன் உறவுதான். முதலில் அதற்கும் வலியோடுதான் தொடர்பு. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ'வும் சாரியும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒலியும் பொருளும் நெருங்கியிருந்ததால் ஒன்றின் சாயல் மற்றதில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, சாவு வீட்டில் சொல்லும் சாரி மன்னிப்பு அல்ல. 'உன் வலி எனக்கும் வலிக்கிறது' என்பதுதான் அது. உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் 'தேங்க் யூ' என்று சொல். 'பரவாயில்லை' என்று சொல்லிவிடாதே.

காலை மிதித்துவிட்டு வெறுமனே 'சாரி!' என்பதெல்லாம் பிற்பாடு வந்த வழக்கம். 19ஆம் நூற்றாண்டில்தான் அது எழுத்தில் தென்படுகிறது. காதில் சரியாக விழாதபோது குரலை உயர்த்தி 'சாரி?' என்பது அதற்கும் அடுத்த கிளை.

'அபாலஜி' வேறு வழியில் வந்தது. கிரேக்கத்தில் அது, குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தை எடுத்துச் சொல்லும் பேச்சு. கி.மு. 399இல் சாக்ரடீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசியதாக பிளேட்டோ எழுதிய நூலுக்கு அதுதான் பெயர். அதில் அவர் மன்னிப்பே கேட்கவில்லை! அலுவலகக் கடிதத்தில் 'ஐ அபாலஜைஸ்' என்று எழுது, தப்பில்லை. மனம் நொந்திருக்கும் தோழிக்கு மட்டும் சாரிதான் வேண்டும். என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்.

அப்புறம் ஒன்று. 'சாரி இஃப் யூ ஃபெல்ட் பேட்' என்று எழுதாதே. அந்த 'இஃப்' வந்ததும் தப்பு கேட்பவர் தலையில் போய் விழுகிறது. 'பட்' சேர்த்தால் இன்னும் மோசம். நீ செய்தது எதுவோ அதையே சொல்: 'ஐ'ம் சாரி ஐ ஃபர்காட் டு கால்.' அவ்வளவு போதும்.

அன்புடன்,
அம்மா