அறிக்கை வந்துவிட்டது, பதில் எங்கே?

உலகச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதும் அறிஞர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அரசுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். உங்கள் அறிவியலில் குறை சொல்ல நான் வரவில்லை. அறிக்கை வெளியாகும் நாளோடு எல்லாரும் கலைந்துவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2005-இல் வெளியான ஆயிரமாண்டுச் சூழலமைப்பு மதிப்பீட்டில் 1,360 அறிஞர்கள் உழைத்தார்கள். இயற்கை நமக்குத் தரும் 24 பயன்களை ஆராய்ந்து, அவற்றில் 15 சீரழிந்து வருவதாகச் சொன்னார்கள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த அமைச்சருக்கும் இல்லை. ஊருக்கே எழுதிய கடிதத்துக்கு யார் பதில் போடுவார்?

ஓசோன் விஷயத்தில் அப்படி விடவில்லை. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையிலேயே, 1990 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டுப்பாடுகளை மதிப்பிட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மதிப்பீடு வந்தால் நாடுகள் கூடி அதைப் பேசியாக வேண்டும். அதோடு, ஃபிரிட்ஜில் எந்த வாயுவை மாற்றலாம், தீயணைப்புக் கருவிக்கு என்ன வழி என்று தொழில்துறைப் பொறியாளர்களையும் சேர்த்து ஒரு குழு சொல்லிக்கொண்டே இருந்தது. முதலில், ஓசோன் படலத்தை அரிக்கும் சிஎஃப்சி வாயுக்களைப் பாதியாகக் குறைப்பதுதான் இலக்கு. 1990-இல் லண்டனில் அது 2000-க்குள் முழு ஒழிப்பு என்றானது. 1992-இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகளுக்கு 1996 என்று இன்னும் முன்னுக்கு வந்தது. காலநிலை இவ்வளவு சுலபம் இல்லைதான்; எரிபொருளை மாற்றுவது ஒரு வாயுவை மாற்றுவதுபோல் ஆகாது. ஆனால் அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லையே.

காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐநா குழுவான ஐபிசிசியின் கூட்டத்தில் சுருக்க அறிக்கையின் ஒவ்வொரு வரியும் திரையில் வரும். அரசுகள் சொல்லுக்குச் சொல் பேரம் பேசும், குறித்த நாளைத் தாண்டியும் இழுக்கும். பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது பெரிய சொத்தாகத் தெரிகிறது. வரிவரியாக ஒப்புக்கொண்ட அரசு, அப்புறம் "எங்களுக்குத் தெரியாது" என்று கைவிரிக்க முடியாது. அந்த ஒப்புதலை ஊர் திரும்பியதும் மறக்கவிடுவதுதான் கோளாறு. ஒப்புதல் தந்த ஒவ்வோர் அரசும் ஆறு மாதத்துக்குள் தன் நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் சொல்லட்டும்: இந்த அறிக்கையால் எந்தத் திட்டம் மாறியது, எது மாறவில்லை, ஏன்?

மக்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். சுமார் 10 லட்சம் உயிரின வகைகள் அழியும் ஆபத்தில் இருப்பதாக, உயிரினப் பன்மையை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான ஐபிபிஇஎஸ் 2019-இல் சொன்னபோது செய்தி உலகெங்கும் ஓடியது. கேட்டவர்கள் பதறினார்கள், ஆனால் அதை வைத்து யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதே அமைப்பு 2016-இல் மகரந்தச் சேர்க்கை பற்றித் தந்த அறிக்கைக்குப் பிடிமானம் இருந்தது. முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால்வாசிக்கு மேல் ஓரளவாவது தேனீ போன்ற உயிர்களை நம்பியிருக்கின்றன என்றது. பூச்சிமருந்தையும் வயல் ஓரத்தையும் பேசியது. கேள்வி வேளாண் அமைச்சகத்தின் வாசலுக்கே போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் மகரந்தச் சேர்க்கையாளர்களைக் காக்க நாடுகளின் கூட்டணி ஒன்று உருவானது.

மொழியையும் விட்டுவிட முடியாது. ஐபிசிசி சுருக்கம் ஐநாவின் ஆறு மொழிகளில் வருகிறது, முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான். மற்ற மொழிகளுக்கான செலவை யாராவது நன்கொடையாளர் தலையில் கட்டாமல், அறிக்கையின் வரவுசெலவிலேயே சேருங்கள். வட்டாரப் பத்திரிகையாளருக்கு அவர் பகுதிக்கான எண்களைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்ட அவருக்கு ஒரு மாலைப்பொழுதுகூடக் கிடைக்காது.

அடுத்த ஒப்புதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக இதை வையுங்கள்: போன அறிக்கைக்கு எழுத்தில் பதில் தந்த நாடுகள் எவை, தராத நாடுகள் எவை? அந்தப் பட்டியலைப் புதிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்